வியாபாரிகள் வளர்த்த வக்கீல்

நம் சமூகத்துப் பிள்ளைகளில் சட்டம் படிப்போர் தொகை பெருகி வருகிறது. சிராங்கூன் ரோட்டிலும் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் கடை வைத்துப் பிழைத்தவர்களின் பேரப் பிள்ளைகள் கறுப்பு அங்கி தரித்துக் கோர்ட்டில் நிற்பதைக் காண நமக்குப் பூரிப்பாகவே இருக்கிறது. ஆயினும் பட்டம் வாங்கிய மறுநாளே பிழைப்பு வந்துவிடுவதில்லை. பரீட்சை தேறியவர் ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருந்து தொழில் பயின்ற பின்னரே சிங்கப்பூரில் வழக்காட முடியும். 6 மாதமாக இருந்த அப்பயிற்சி 2024 முதல் ஓராண்டாக்கப்பட்டிருக்கிறது. பிள்ளை இரவு 10 மணிக்கு வாடிய முகத்தோடு வீடு திரும்புவதைப் பார்த்து, இந்தப் பிழைப்பு எதற்கு, கடையில் வந்து உட்காரட்டும் என்று சொல்லும் வாப்பாமார்களும் நம்மில் உண்டு. அவர்கள் பொருட்டு ஒரு வக்கீலின் தொடக்க காலத்தை எழுதத் துணிந்தோம்.

அந்த வக்கீல் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. 1950-ல் நேரு அடிக்கல் நாட்டி 1953-ல் திறக்கப்பட்ட ரேஸ் கோர்ஸ் லேன் மண்டபம் அவர் பெயரால் அமைந்ததே. தேச விடுதலைக்கு அவர் செய்தவற்றை எழுதியவர்கள் ஆயிரம் பேர். வாய் திறந்து வழக்குப் பேச முடியாமல் கோர்ட்டை விட்டு ஓடிவந்த ஓர் இளைஞரை, தொழில் தெரிந்த வக்கீலாக்கியது இரண்டு முஸ்லிம் வியாபாரிகளின் கொடுக்கல் வாங்கல் தகராறு என்பதை நம்மவரில் பலர் கேள்விப்பட்டதில்லை. நாம் சொல்லப் போவது அதைத்தான்.

1869-ம் வருடம் அக்டோபர் 2-ந் தேதி குஜராத்தின் போர்பந்தர் துறைமுகப் பட்டினத்தில் அவர் பிறந்தார். தகப்பனார் சமஸ்தானத் திவான். 1888 செப்டம்பரில் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு லண்டனுக்குக் கப்பலேறி, இன்னர் டெம்பிள் என்னும் சட்டச் சங்கத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் பாரிஸ்டர் ஆவதற்குப் பரீட்சை தேறினால் மட்டும் போதாது. சங்கத்தின் மண்டபத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கை விருந்துகளுக்குச் சமூகமளித்தாக வேண்டும்! நால்வர் அமரும் ஒவ்வொரு பந்திக்கும் இரண்டு புட்டி ஒயின் வைப்பார்களாம். காந்தி குடிக்காதவர். ஆகவே அவரைத் தங்கள் பந்திக்கு இழுத்துக்கொள்ள மற்ற மாணவர்களுக்குள் போட்டி நடக்கும். 1891 ஜூன் 10-ல் பாரிஸ்டராக்கப்பட்டார், 11-ல் பெயரைப் பதிவு செய்தார், 12-ல் ஊருக்குக் கப்பலேறிவிட்டார்.

படிப்பு முடிந்தது, தொழில் தெரியவில்லை. பிராது எழுதத் தெரியாது. இந்தியாவின் சட்டம் தெரியாது. ஹிந்துக்களின் தாய்ச்சட்டமும் முஸ்லிம்களின் ஷரீஅத்தும் லண்டனில் அவருக்குப் போதிக்கப்படவில்லை. கடன்பட்டுப் படிக்க வைத்த தமையனாரோ, தம்பி வந்ததும் பணம் கொட்டும் என்று காத்திருந்தார். ராஜ்கோட்டில் தொழில் தொடங்கினால் சாதாரண வக்கீல்களே நகைப்பார்கள் என்று பம்பாய் சென்றார். தினமும் முக்கால் மணி நேரம் நடந்து ஹைக்கோர்ட்டுக்குப் போவார், வாதம் விளங்காது, தூக்கம் வந்துவிடும். அக்கம் பக்கத்தில் வேறு சிலரும் தூங்குவதைக் கண்டு வெட்கம் விட்டுப்போயிற்றாம்.

மாமிபாய் என்ற பெண்ணின் வழக்கு சிறு வழக்கு மன்றத்தில் வந்தது. கட்சிக்காரரைப் பிடித்துத் தரும் தரகருக்குக் கமிஷன் கொடுக்கவேண்டும் என்றார்கள். பெரிய பெரிய வக்கீல்களே கொடுக்கிறார்கள் என்று எடுத்துக் காட்டினார்கள். காந்தி கொடுக்கவில்லை. எப்படியோ வழக்கு கிடைத்தது, பீஸ் 30 ரூபாய். எதிர்க்கட்சிச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றிற்று, கோர்ட்டே சுழன்றது. ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வழக்கு ஜெயித்ததா தோற்றதா என்றுகூடப் பாராமல் வெளியேறினார். பள்ளிக்கூடம் ஒன்றில் மாதம் 75 ரூபாய்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் வேலைக்கு மனுப் போட்டார். பி.ஏ. இல்லை என்று அதுவும் கிடைக்கவில்லை. 6 மாதத்தில் பம்பாய் ஜாகையைக் காலி செய்துகொண்டு ராஜ்கோட் திரும்பினார்.

அங்கே மனு எழுதிக் கொடுத்து மாதம் 300 ரூபாய் வரை வந்தது. கொஞ்சம் நிமிர்ந்த சமயத்தில், தமையனாருக்காகச் சிபாரிசு பேசப் போய் வெள்ளைக்கார ஏஜெண்டு துரையின் சேவகனால் வெளியே தள்ளப்பட்டார். இனி அந்தத் துரையின் கச்சேரியில்தான் அவருக்கு வேலை! ஊரில் இருப்பு வைக்க முடியாத நிலை வந்துவிட்டது.

இவ்வேளையில்தான் போர்பந்தரின் மேமன் வியாபாரிகளான தாதா அப்துல்லா கம்பெனியாரிடமிருந்து அழைப்பு வந்தது. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் மாகாணத்து டர்பன் துறைமுகத்தில் அவர்களுக்குப் பெரும் வியாபாரம். சொந்தக் கப்பலும் உண்டு. பிரிட்டோரியா நகரில் 40,000 பவுனுக்கு ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பெரிய பாரிஸ்டர்கள் ஏற்கனவே நியமிக்கப்பட்டிருந்தார்கள். குஜராத்திக் கடிதங்களைப் படித்து, கணக்கை விளக்கி, அந்த வக்கீல்களுக்குச் சேதி சொல்ல ஓர் ஆள் தேவை. ஓராண்டுக்கு மேற்படாத வேலை. முதல் வகுப்பில் போக வரக் கப்பல் கூலி, சாப்பாட்டுச் செலவு நீங்கலாக 105 பவுன் கூலி. பாரிஸ்டர் என்ற பெயருக்கு இது கௌரவமான வேலை அன்று, குமாஸ்தா வேலைதான். காந்தி பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார். 1893 ஏப்ரலில் புறப்பட்டு மே மாதக் கடைசியில் டர்பனில் இறங்கினார்.

அப்துல்லா சேட் எழுத்து வாசனை மிகக் குறைந்தவர். ஆனால் பாங்கு மானேஜரோடும் வெள்ளைக்கார வியாபாரியோடும் வேண்டிய அளவு ஆங்கிலத்தில் பேசிக் காரியத்தை முடிப்பார். அனுபவ அறிவு கூர்மையானது. மார்க்கத்தில் பற்றுள்ளவர், ஓய்ந்த வேளையில் இஸ்லாத்தைப் பற்றிப் பேசுவதில் பிரியமுள்ளவர். காந்தி இஸ்லாத்தைப் பற்றி அறிந்ததில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. வந்திறங்கிய இளைஞரின் உடுப்பையும் தோரணையையும் பார்த்துச் சேட்டுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. செலவாளியாகத் தெரிகிறது; கொடுக்க வேலை இல்லை; பிரிட்டோரியாவுக்கு அனுப்பினால் எதிரிகள் இவரைத் தங்கள் பக்கம் இழுத்துவிட்டால் என்ன செய்வது? புதிய கணக்குப்பிள்ளையை முதல் நாள் கல்லாவில் உட்கார வைக்க நம்மில் எவர்தான் யோசிக்க மாட்டோம்!

இனி வருவதே நம் கருத்தில் இந்த வரலாற்றின் சாரமான பகுதி. வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்த காந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாம் கணக்கு. வழியில் ஸான்ஸிபாரில் கப்பல் நின்றபோது கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்திருந்தார். அங்கேயும் ஒரு கணக்கு வழக்கு நடந்து, ஒரு வார்த்தையும் புரியாமல் திரும்பியிருந்தார். இங்கே சேட்டின் குமாஸ்தா பற்று என்கிறார், வரவு என்கிறார், பி. நோட்டு என்கிறார். பி. நோட்டு என்றால் என்னவென்று அகராதியைப் புரட்டினார், அதில் இல்லை. நம் கடைப்பையனுக்கும் தெரிந்த புரோநோட்டு, லண்டனில் படித்த பாரிஸ்டருக்குத் தெரியவில்லை. அவர் வெட்கப்படாமல் அந்தக் குமாஸ்தாவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு கணக்கெழுதும் முறை பற்றிய புத்தகம் ஒன்றை விலைக்கு வாங்கி, ஆதியோடந்தமாகப் படித்தார். அதன் பின்பே வழக்கு அவர் கைக்குள் வந்தது.

டர்பனில் ஒரு வாரம் கழித்துப் பிரிட்டோரியாவுக்குப் புறப்பட்ட பிரயாணத்தில்தான் 1893 ஜூன் 7-ந் தேதி இரவு மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் முதல் வகுப்பு வண்டியிலிருந்து தள்ளப்பட்டார். யாவரும் அறிந்த அந்தச் சம்பவத்தை நாம் விரிக்கவில்லை. ஜொஹானஸ்பர்க் சேர்ந்ததும் ஹோட்டலில் இடமில்லை என்று விரட்டப்பட்டவருக்குப் பாய் விரித்த இடம் முஹம்மது காசிம் கம்ருத்தீன் அவர்களின் கடை என்பதை மட்டும் சொல்லி மேலே செல்வோம்.

பிரிட்டோரியாவில் கம்பெனியாரின் வக்கீலான பேக்கர் துரை, பாரிஸ்டர் என்ற முறையில் உமக்கு இங்கே வேலை இல்லை, விவரம் சேகரித்துக் கொடுத்தால் போதும் என்று தெரிவித்தார். இக்காலத்துப் பயிற்சி வக்கீலுக்கும் இதே வேலைதான். தஸ்தாவேஜுகளை அடுக்குவதும் தேதி வரிசை எழுதுவதும் பெரியவர்களுக்குப் பின்னால் மூட்டை தூக்கிப் போவதும். காந்தி இதை இளக்காரமாக நினைக்கவில்லை. இரு தரப்புக் கடிதங்களையும் பேரேடுகளையும் வரிவரியாகப் படித்தார், மொழிபெயர்த்தார். கட்சிக்காரர் சொல்வதில் எது மெய், எது ஆசை என்று பிரித்தறியப் பழகினார். உண்மை விவரங்களைச் சரியாகப் பிடித்துவிட்டால் சட்டத்தில் முக்கால் பங்கு கைக்கு வந்துவிடும் என்ற பாடத்தை அந்த ஓராண்டில்தான் கற்றதாகப் பிற்காலத்தில் எழுதினார். வழக்கின் விவரம் இரு பக்கத்தாரையும்விட அவருக்கே நன்றாகத் தெரியும் என்ற நிலை வந்தது.

எதிர்க்கட்சிக்காரர் தையிப் ஹாஜி கான் முஹம்மது சேட் பிரிட்டோரியாவில் செல்வாக்குள்ள வியாபாரி. அவரும் அப்துல்லா சேட்டும் உறவினர். காந்தி எதிரி என்று ஒதுங்காமல் தையிப் சேட்டைப் போய்ப் பார்த்தார். அவருடைய ஒத்தாசையைக் கொண்டே அவ்வூர் இந்தியரைக் கூட்டமாகக் கூட்டினார். கூட்டம் நடந்தது ஹாஜி முஹம்மது ஹாஜி ஜூஸப் சேட்டின் இல்லத்தில். வந்தவர்களில் பெரும்பாலோர் மேமன் வியாபாரிகள். பம்பாயில் வாய் திறக்க முடியாத மனிதர், ஆயுளில் முதல் தடவையாக அங்கேதான் ஒரு சபையில் முழுமையாகப் பேசினார். பேசிய பொருள், வியாபாரத்தில் உண்மை. வியாபாரத்துக்கும் உண்மைக்கும் ஒத்துவராது என்று அக்காலத்திலும் சொன்னார்கள், இன்றும் நம் கடைத்தெருவில் சொல்கிறார்கள். அந்நிய நாட்டில் ஒரு வியாபாரி செய்யும் தவறு அவன் இனத்தார் அனைவர் மேலும் விழும் என்று அவர் எடுத்துரைத்தார். ஆங்கிலம் கற்க விரும்பியோருக்குத் தாமே கற்பிப்பதாகவும் சொன்னார். ஒரு நாவிதர், ஒரு குமாஸ்தா, ஒரு சில்லறைக் கடைக்காரர் ஆக மூன்று பேர் சேர்ந்தார்கள். அவர்களுக்கு நேரம் வாய்த்தபோது இவரே அவர்கள் இடத்துக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்.

வழக்கு அப்துல்லா சேட்டின் பக்கம் பலமாக இருந்தது. ஆனால் இரு தரப்பிலும் வக்கீல் பீஸ் ஏறிக்கொண்டே போயிற்று. கோர்ட்டார் ஜெயித்தவருக்குக் கொடுக்கச் சொல்லும் செலவுத் தொகை வேறு, ஜெயித்தவர் உண்மையில் வக்கீலுக்குக் கொடுத்த தொகை வேறு, வித்தியாசம் கைநஷ்டம். இரு சேட்டுகளும் வியாபாரத்தைக் கவனிக்காமல் பகலிரவு வழக்கையே நினைத்திருந்தார்கள். விட்டால் ஒரே ஊரைச் சேர்ந்த இரு குடும்பங்களும் அழிவது நிச்சயம். நம் வட்டாரத்திலும் ஒரு கடைப் பங்குக்காக மைத்துனர் இருவர் வழக்காடி, தீர்ப்பு வருமுன் கடையே கைமாறிப் போனதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம்.

காந்தி தையிப் சேட்டிடம் மத்தியஸ்தம் பேசினார். தம் கட்சிக்காரரையும் இணங்க வைத்தார். இரு தரப்பும் நம்பிய ஒருவர் மத்தியஸ்தராக நியமிக்கப்பட, வழக்கு அவர் முன் நடந்து அப்துல்லா சேட்டுக்கு ஜெயமாயிற்று.

சாதாரண வக்கீல் இத்துடன் கையைத் துடைத்துக்கொண்டு கப்பலேறியிருப்பார். தீர்ப்புப்படி தையிப் சேட் கொடுக்கவேண்டியது 37,000 பவுனும் செலவும். மொத்தமாகக் கேட்டால் அவரால் கொடுக்க இயலாது. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த போர்பந்தர் மேமன்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. திவாலாவதைவிட மௌத்தாவது மேல் என்பது அது. தையிப் சேட் ஒரு காசு குறைக்கவும் சம்மதியார், திவால் மனுக் கொடுக்கவும் சம்மதியார். ஒரே வழி, தவணை. நீண்ட காலத்துக்குச் சிறு சிறு தவணையாக வாங்கிக்கொள்ளும்படி அப்துல்லா சேட்டை இணங்க வைப்பது, மத்தியஸ்தத்துக்கு இரு தரப்பையும் சம்மதிக்க வைத்ததைவிடக் கடினமாக இருந்தது என்று காந்தி எழுதியிருக்கிறார். கடைசியில் சேட் இணங்கினார்.

கடன்பட்டவன் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி ஸூரத்துல் பகராவில் அல்லாஹ் கட்டளையிட்டிருப்பதை நாம் அறிவோம். அதற்கு அடுத்தாற்போலக் கடனை எழுதிச் சாட்சி வைக்கும்படி ஏவும் நீண்ட ஆயத்தும் அங்கேயே இருக்கிறது. அப்துல்லா சேட் அவகாசம் கொடுத்தபோது அந்த ஆயத்து அவர் நெஞ்சில் இருந்திருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம். ஸுல்ஹு என்று நம் உலமாக்கள் சொல்லும் சமாதானத்தை இன்று உலகமே தேடிவருகிறது. 1997-ல் சிங்கப்பூரில் சமரச நிலையம் நிறுவப்பட்டது. சமரசத்தால் முடிந்த வியாபாரத் தகராறுகளின் உடன்படிக்கையைப் பிற நாடுகளும் மதிக்கவேண்டும் என்ற ஐக்கிய நாடுகள் ஒப்பந்தத்தில் 2019 ஆகஸ்ட் 7-ந் தேதி 46 நாடுகள் கையெழுத்திட்டன. இடம் இதே சிங்கப்பூர், பெயரும் சிங்கப்பூர் ஒப்பந்தம்.

20 வருஷம் வக்கீல் தொழில் நடத்திய காந்தி, அதில் பெரும்பகுதியை நூற்றுக்கணக்கான வழக்குகளைக் கோர்ட்டுக்கு வெளியே முடித்து வைப்பதிலேயே கழித்தார். அதனால் பணங்கூட நஷ்டமில்லை என்பது அவர் வாக்குமூலம். இது நம் பயிற்சி வக்கீல்களின் முதலாளிகள் காதிலும் விழுந்தால் நல்லது.

1894-ல் ஊர் திரும்ப டர்பன் வந்தார். வழியனுப்பு விருந்தன்று பத்திரிகையின் மூலையில் இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதாவைப் பற்றிய செய்தி கண்ணில் பட்டது. வியாபாரிகள் அவரை நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். பொதுவேலைக்குச் சம்பளம் வாங்க அவர் மறுத்ததால், சுமார் 20 வியாபாரிகள் ஓராண்டுக்குத் தங்கள் கடை வழக்குகளுக்கு அவரையே வக்கீலாக அமர்த்தி முன்பணம் கொடுத்தார்கள். அப்துல்லா சேட் பயணப் பரிசாகக் கொடுக்க நினைத்த தொகையில் வீட்டுச் சாமான் வாங்கிக் கொடுத்தார். நேட்டாலின் வெள்ளைக்கார வக்கீல் சங்கம் அவரைப் பதிவு செய்யக்கூடாதென எதிர்த்தது; ஸுப்ரீம் கோர்ட் அந்த ஆட்சேபனையைத் தள்ளிப் பதிவு செய்தது. தலைப்பாகையைக் கழற்றச் சொன்னபோது கழற்றிவிட்டார். அப்துல்லா சேட்டுக்கு இது பிடிக்கவில்லை. சிறிய காரியத்தில் விட்டுக்கொடுத்துப் பெரிய காரியத்துக்குப் பலத்தைச் சேர்த்து வைத்ததாகக் காந்தி சமாதானம் சொன்னார். நாமாக இருந்தால் சேட்டின் பக்கமே பேசியிருப்போம்.

அவ்வருஷமே தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரஸுக்கு மாதச் சந்தா குறைந்தது 5 ஷில்லிங். கரும்புத் தோட்டத்துக் கூலிகளான நம் தமிழர்களால் அதைக் கொடுக்க இயலாது. ஆகவே அது தொடக்கத்தில் வியாபாரிகள் சபையாகவே இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தொழில் தொடங்கி மூன்று நான்கு மாதத்தில் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி கிழிந்த உடையோடு, முண்டாசைக் கையில் பிடித்தபடி, அழுதுகொண்டு அவர் அலுவலகத்தில் வந்து நின்றார். எஜமானன் அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து வாயில் இரத்தம். அலுவலகக் குமாஸ்தா தமிழர், அவர் விஷயத்தைக் கேட்டுச் சொன்னார். காந்தி முதலில் டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்று வாங்கினார், பிறகு மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். எஜமானனைத் தண்டிப்பதில் நோக்கம் வைக்காமல், பாலசுந்தரத்தின் ஒப்பந்தத்தை வேறு எஜமானுக்கு மாற்றி அவரை விடுவித்தார். அது முதல் தமிழ்க் கூலிகள் அவர் வாசலில் கூடத் தொடங்கினார்கள்.

1903-ல் ஜொஹானஸ்பர்க்கில் அலுவலகம் போட்டார், தொழில் நன்றாகத் தழைத்தது. அப்போது தம்மிடமும் பயிற்சிக்கு ஆள் எடுத்தார். அவரிடம் தொழில் பயின்று வக்கீலானவர்களில் ஹென்றி போலக் என்ற ஆங்கில யூதர் ஒருவர். அவருடைய காரியதரிசியான ஷ்லெஸின் என்ற பெண்மணியையும் பயிற்சிக்குப் பதிவு செய்ய 1909-ல் முயன்றார். பெண் என்ற காரணத்தால் மறுத்துவிட்டார்கள்.

அந்த ஊரில் நடந்த ஒரு வழக்கையும் நம் வாசகர்கள் அறியவேண்டும். மத்தியஸ்தர்கள் கணக்குப் பார்த்து இவர் கட்சிக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். ஆனால் கணக்கில் ஒரு தொகை பற்றுப் பக்கத்துக்குப் பதில் வரவில் ஏறியிருந்தது. எதிரி வேறு காரணம் காட்டித் தீர்ப்பை எதிர்த்தார். இந்தப் பிசகு அவர் கண்ணில் படவில்லை. நாமே ஒப்புக்கொண்டால் தீர்ப்பு முழுவதும் போய்விடும் என்றார் பெரிய வக்கீல். ஒப்புக்கொள்வதானால் நான் வாதிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். காந்தி கட்சிக்காரரைக் கேட்டார், அவர் சம்மதித்தார். காந்தியே எழுந்து பிசகைச் சொன்னார். நீதிபதிகள் முதலில் சந்தேகித்துக் கேள்வி கேட்டார்கள். பிறகு, கணக்கு தெரிந்தவருக்கும் நேரக்கூடிய தவறு என்று கண்டு, பிசகைத் திருத்திக்கொண்டு தீர்ப்பை நிலைநிறுத்தினார்கள்.

டர்பன் வியாபாரி பார்ஸி ருஸ்தம்ஜி அவருடைய நெருங்கிய நண்பர். 1897 ஜனவரியில் வெள்ளைக்காரக் கும்பல் காந்தியை அடித்தபோது அவரை மறைத்து வைத்த வீடு இவருடையதே. எல்லாவற்றையும் காந்தியிடம் சொல்லும் ருஸ்தம்ஜி ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இந்தியாவிலிருந்து தருவித்த சரக்கில் தீர்வை கட்டாமல் கடத்திக்கொண்டிருந்தார். அகப்பட்டதும் ஓடிவந்தார். காந்தி சொன்ன வழி, பிடிபட்டதை மட்டுமன்றி, பிடிபடாததையும் சேர்த்துச் சுங்க அதிகாரியிடம் ஒப்புக்கொள்வது. ஜெயில் என்றால் ஜெயிலுக்கும் தயாராவது. காந்தி அதிகாரியையும் அட்டர்னி ஜெனரலையும் நேரில் கண்டு பேரேடுகளைக் காட்டிப் பேசினார். கடத்தியதாக ஒப்புக்கொண்ட தொகைக்கு இரு மடங்கு கட்டி வழக்கு முடிந்தது. ருஸ்தம்ஜி நடந்தது அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு, தம் வாரிசுகளும் மற்ற வியாபாரிகளும் பார்க்கும்படி அலுவலகச் சுவரில் மாட்டி வைத்தார்.

காந்தி பின்னர் தொழிலை விட்டுவிட்டார். 1922 மார்ச்சில் ராஜத்துரோகக் குற்றத்துக்காக 6 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதும், அதே வருஷம் நவம்பரில் லண்டன் இன்னர் டெம்பிள் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1988-ல் மறுபடியும் சேர்த்துக்கொண்டது. அவர் காலமாகி அப்போது 40 வருஷம் ஆகியிருந்தது.